வேண்டுமென்றே நனைக்கிறவள்

ஆம்பூர்
4.3.2024

சௌமியாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை உன் அம்மா பார்த்துக்கொள்ளட்டும். என் நம்பரை நீ பிளாக் பண்ணி வைத்திருப்பதால்தான் இந்தக் கடிதம்.

சண்டை போட்டுவிட்டு கணியம்பாடிக்கு ஓடிவிட்டாய். மெத்தையை வெயிலில் போட்டுப் போட்டு அலுத்துப்போனது என் அம்மாதான். பாத்ரூம் போய்விட்டு வந்து உட்கார்கிறாய், உடனே துணி ஈரம். போகத் தெரிகிறவளுக்கு அடக்கத் தெரியாதா? வேண்டுமென்றே செய்கிறாய். திருந்துவதாக இருந்தால் வா.

பரணிதரன்

கணியம்பாடி
22.3.2024

கணவர் பரணிதரன் அவர்களுக்கு,

உங்களுக்கு ஒரு நன்றி. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன்.

இத்தனை வருஷமாக எந்த டாக்டரிடம் போனாலும் மாத்திரை, இல்லையென்றால் உடற்பயிற்சி. ஷூ கம்பெனியில் என் பக்கத்து மெஷின் ஃபரீதா அக்காகூட, "லைன்ல உக்காந்து அடக்குற எல்லாருக்கும் இருக்கறதுதாம்மா, பேஜார் ஆவாத" என்றுதான் சொல்வார். போன வாரம் வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம், நீங்கள் திட்டியதை அழுதுகொண்டே அப்படியே ஒப்பித்தேன். "போய்ட்டு வந்த உடனே ஈரமா? எப்பலேர்ந்து?" என்றார். நினைவு தெரிந்த நாளிலிருந்து என்றேன். ஒழுங்காகப் போய்வந்த பிறகும் கசிகிறது என்றால் அது அடக்காத குறை இல்லை என்று உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

என் இடது சிறுநீரகத்திலிருந்து ஒரு குழாய்க்குப் பதில் இரண்டு வருகிறதாம். ஒன்று சிறுநீர்ப்பைக்குள் போகாமல் கீழே வேறு இடத்தில் திறக்கிறது. அதில் வருவதை யாராலும் அடக்க முடியாது. ஆபரேஷன் செய்தால் சரியாகும். இப்போது சொல்லுங்கள், வேண்டுமென்றா செய்தேன்?

சௌமியா

ஆம்பூர்
30.3.2024

சௌமியாவுக்கு,

அப்படியானால் பிறவிக் குறை. அதை மறைத்து உன்னை என் தலையில் கட்டிவிட்டார்கள் உன் வீட்டார். "பொண்ணு பாக்க போனப்ப வாயில இன்னா வெச்சிருந்தாங்க?" என்று அம்மா கேட்கிறார். நான் என்ன சொல்வது?

இருந்தாலும் பெரிய மனது பண்ணுகிறோம். ஆபரேஷன் உன் வீட்டார் பொறுப்பு. முடிந்து வந்தால் ஆறு மாதம் வராந்தாவில் படுத்துக்கொள். ஈரமில்லை என்று அம்மா சொன்ன பிறகு உள்ளே வரலாம்.

பரணிதரன்

கணியம்பாடி
9.6.2024

பரணிதரன் அவர்களுக்கு,

ஆபரேஷன் ஆகிவிட்டது. காயமும் ஆறிவிட்டது.

தெரியாமல் திட்டியதையெல்லாம் மறந்திருப்பேன். தெரிந்த பிறகும் என்னை வராந்தாவில் போட நினைத்தீர்களே, அதுதான் ஆறவில்லை. வலிக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கிறீர்களா என்று உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். இல்லை. உங்கள் அம்மா வைக்கும் பரீட்சைக்கு நான் வரவில்லை.

நேற்று வேலூருக்குப் பஸ்ஸில் உட்கார்ந்தே போனேன். இறங்கும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஸீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. உங்களையும் இனிப் பார்ப்பதாக இல்லை.

சௌமியா