கொக்கி போட்டேனா?

ஜூன் 3

சில்லுவண்டுக்கு,

நல்லா இருக்கியா? போன் அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டேன், நீ எடுக்கலை. வேலையை விட்டுட்டு ஊருக்கே போயிட்டியாமே. அதான் எழுதறேன்.

ஒண்ணே ஒண்ணு கேட்கணும். அன்னைக்குச் சாயங்காலம் குழந்தைங்க காப்பகத்துக் கேட்ல நான் கொக்கியைப் போட்டேனா, இல்லையா? குட்டிப்பையன் ரோட்டுக்குப் போய், பஸ் ஸ்டாப்ல நின்னவங்க தூக்கிட்டு வந்தாங்க. நல்லவேளை, ஒண்ணும் ஆகலை. போட்டேன்னுதான் நான் சொன்னேன். உங்க வயசுல மறதி சகஜம்னு நிர்வாகியம்மா சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க. வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு கம்பெனி கேட்ல காவல் நின்னவ நான்.

ஒரு பெருசு, ஒரு சிறுசுன்னு ஜோடி சேர்த்துவிட்டா ஒருத்தர் மேல ஒருத்தருக்கு இருக்கிற இளக்காரம் போகும்னுதானே ரிட்டையர் ஆன எங்களை அங்கே வேலைக்குச் சேர்த்தாங்க. முதல் நாளே நீ "பெருசு, வழியை விடு"ன்னே. அப்பவே உன்னைப் பிடிச்சுப் போச்சு. இப்ப என்னால எல்லாப் பெருசுகளையும் வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாம். உடனே எழுது.

உன் பெருசு

ஜூன் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நடந்ததை நினைச்சு மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. உங்க வயசுல யாருக்கும் இப்படி ஆகும். யாரும் உங்களைத் தப்பா நினைக்கலை. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க, நல்லா ஓய்வெடுங்க.

அன்புடன்,
உங்களோட வேலை பார்த்தவள்

ஜூன் 20

சில்லுவண்டு,

அப்போ நான் போடலை. கூடவே இருந்த நீயே சொல்லிட்டே, இனி என்ன இருக்கு?

அணைக்க மறந்துடுவேன்னு மகன் காஸ் அடுப்பை எடுத்துட்டுப் போயிட்டான். வீட்டுச் சாவியை நானே அவன் கையில கொடுத்துட்டேன். டாக்டர் ஞாபகத்துக்குச் சோதனை வச்சு, ஒரு குறையும் இல்லைன்னார். ஆரம்பத்துல தெரியாதும்மாங்கறான் இவன். குளிச்சேனா இல்லையான்னு தலையைத் தொட்டுப் பார்த்துக்கறேன். பெருசுகளை எல்லாம் நிறுத்திட்டாங்க. என்னோட அங்கே வேலைக்குச் சேர்ந்த தையல்காரர் மார்க்கெட்டுல என்னைப் பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டார்.

பயமா இருக்குடி. என் கையை நானே நம்ப முடியலைன்னா, நான் எப்படி இருக்கறது?

பெருசு

ஜூன் 26

அம்மா,

நீங்க கொக்கியைப் போட்டீங்க. நான் பார்த்தேன். எப்பவும் போல இழுத்தும் பார்த்தீங்க.

அதுக்கப்புறம் எனக்கு வேற வேலைக்கு ஒரு போன் வந்தது. பிள்ளைங்க சத்தம் கேட்கக் கூடாதுன்னு கேட்டைத் திறந்து வெளியே போய்ப் பேசினேன். உள்ளே வந்ததும் கொக்கி போட மறந்துட்டேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கலைம்மா. எல்லாரும் உங்களையே பார்த்தாங்க. நான் வாயை மூடிக்கிட்டேன். அந்த லெட்டரையும் அப்படியே எழுதித் தொலைச்சேன்.

நிர்வாகிக்கும் இதையே எழுதி அனுப்பிட்டேன். என்ன முகத்தை வச்சுக்கிட்டு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்பேன்?

அதே பாவி

ஜூலை 4

சில்லுவண்டு,

உன் லெட்டரை மகன்கிட்ட காட்டினேன். படிச்சவன் கண் கலங்கிட்டான். "எவ்வளவு நல்ல பொண்ணும்மா! நீ உடைஞ்சு போகக் கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டா பாரு"ங்கறான். நிர்வாகியம்மாவும் அதையேதான் சொன்னாங்களாம். அடுப்பும் வரலை, சாவியும் வரலை.

அவங்களை விடு. என்னாலயே நம்ப முடியலை. ஒரு லெட்டர்ல மறந்தது நான்தான்னு சொல்றே, அடுத்ததுல நீதான்னு சொல்றே. ரெண்டுலயும் அம்மா அம்மான்னு எழுதியிருக்கே. நீ என்னை என்னைக்குடி அப்படிக் கூப்பிட்டே? இப்ப என்னைப் பார்த்துப் பாவப்படறவங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க. உன் மேல கோபப்படக்கூட வழியில்லை. கோபப்படணும்னா முதல்ல நம்பணுமே.

நேர்ல வா. அவங்க எல்லார் முன்னாடியும் அந்தக் கேட் கிட்ட நின்னு சொல்லு. முதல் நாள் "பெருசு, வழியை விடு"ன்னு சொன்னியே, அதே குரல்ல சொல்லு. நான் நம்பிடுவேன்.

வருவியா?

இன்னும் உன் பெருசுதான்