மாஸ்டர், குறை உங்கள் வாசிப்பில் இல்லை

அன்று மதியம் எங்கள் தங்கச் சுரங்க ஊரின் ஊரிகம் ஸ்டேஷனில் இருந்தவர்கள் நான்கு பேர். கிளாரினெட் பெட்டியை மடியில் வைத்திருந்த நீங்கள். உங்களைப் பம்பாய்க்கு அழைத்துப்போக வந்த ஓட்டல் பேண்டுக்காரர். சுரங்கத்து வெள்ளைக்காரர் கிளப்பில் உங்களோடு டிரம் அடித்த என் அண்ணன் செல்வராஜ். புளிசாதம் கட்டிக்கொண்டு வழியனுப்ப வந்த நான்.

இன்று காலை பேத்தியின் போனில் ஒரு கிளாரினெட் ஒலித்தது. கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது, மாஸ்டர்.

போலந்தில் உங்கள் அப்பாவின் காபிக் கடையில் கற்ற வாசிப்பு. சண்டைக் காலத்தில் அகதிகளோடு கப்பலேறி வந்தீர்கள். பம்பாயில் ஓட்டல் ஓட்டலாக வாசித்தீர்கள். எங்கள் கிளப் டான்சுக்கு ஒரு மாதம் என்று வந்தவர், வருடக்கணக்கில் தங்கிவிட்டீர்கள். ஜாஸ் என்றால் என்ன என்று கேட்டேன். "உங்க ஊட்டுக்காரரு ஷிப்டு மாதிரிம்மா. எறங்குற வழி தெரியும். திரும்பி வர்ற வழிய உள்ள போய்தான் தேடணும்" என்றீர்கள்.

"இன்னா தொர, அப்ப தெனமும் வழி தப்பித்தான் வாசிக்கிறீங்களா?" என்றான் அண்ணன். நீங்கள் சிரித்ததில் கண்ணீரே வந்துவிட்டது.

பம்பாய் போனால் உங்கள் பெயரில் ஓர் இசைத்தட்டு வரும். அது ஒன்றுதான் நீங்கள் ஆசைப்பட்டது.

ரயில் வருவதற்குள் சுரங்கத்துச் சங்கு ஊதியது. ஷிப்டு மாறும் நேரமில்லை. நேரம் தப்பி ஊதினால் அடியில் பாறை சரிந்துவிட்டது என்று பொருள். எங்கள் ஊரில் யாரும் நின்று யோசிப்பதில்லை. என் வீட்டுக்காரர் உள்ளே இருந்தார். ஓடினேன். திரும்பிப் பார்த்தால் நீங்களும் ஓடி வருகிறீர்கள்.

"செல்வா, அவராண்ட சொல்லு, நாளிக்கு வண்டியில வந்துர்றேன்!" என்று கத்திக்கொண்டே.

பொழுது சாயும்போதுதான் கேஜில், ஆள் ஏற்றும் அந்த இரும்புக் கூண்டில், என் வீட்டுக்காரர் மேலே வந்தார், கை முறிந்து, உயிரோடு. அதுவரை என் பக்கத்தை விட்டு நீங்கள் நகரவில்லை.

மறுநாள் அண்ணன் உங்களிடம், "உங்க வாசிப்பு பழசாயிடுச்சாம் மாஸ்டர். வேணாம்னுட்டு போயிட்டாரு" என்றான். நீங்கள் பம்பாய்க்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. கிளப் மூடியபின் கல்யாணம், சாவு என்று வாசித்தீர்கள், தாளில் எழுதியதை மட்டும். பழையபடி வழி தேடி வாசிக்கச் சொன்னால், "அது பழசும்மா" என்பீர்கள். அந்த நினைப்போடுதான் இங்கேயே பாலகாட் சுரங்கக் குடியிருப்பில் கண்ணை மூடினீர்கள்.

உங்களைப் புதைத்து மூன்று வருடம் கழித்து, ஒரு ஞானஸ்நான விருந்தில், ஆட்டெலும்பைக் கடித்துக்கொண்டே அண்ணன் சொன்னான்:

"மாஸ்டரு போயிட்டா கிளப்புல யாரு ஊதுவா? வரலியாம்னு அந்த பேண்டுக்காரராண்ட நான்தான் சொல்லிட்டேன். அந்தாளு, இவர மாதிரி பம்பாயிலயே ஆளில்லன்னு பொலம்பிக்கினே வண்டி ஏறினாரு. இன்னா இப்போ?"

இலையை விட்டு எழுந்தவள்தான். இன்றுவரை அவன் வாசல் மிதிக்கவில்லை.

கேட்டுக்கொண்டீர்களா, மாஸ்டர்? பம்பாயிலேயே ஆளில்லையாம். உங்களுக்குச் சேர வேண்டிய அந்த ஒரு பேச்சைத்தான் இத்தனை வருடம் நெஞ்சில் வைத்திருக்கிறேன்.

கோயிலில் ஜெபம் சொல்லும்போது பிறரை மன்னிக்கிறோம் என்று வரும் வரியில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன். பாறையை மன்னித்தேன். சுரங்கத்தை மன்னித்தேன். கூடப்பிறந்த ஒருவனை மட்டும் முடியாது.

செல்வராஜ்.