அண்ணி, அது ரெண்டும் சாரைதான்

என் பிரியமுள்ள அண்ணிக்கு,

நாத்தனாருக்குக் கடிதம் எழுதறவளை ஊர் சிரிக்கும். அதுவும் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷமான நாத்தனாருக்கு. சிரிக்கட்டும். என் வீட்டுக்காரரோட அக்கா என்கிற உறவோடு நின்றிருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன். தவளை கத்துதுன்னு சொன்னா அடுப்பை அணைச்சுட்டு ஓடிவர எனக்கு வேறு யார் இருந்தாங்க?

முதலில் நம்ம சேதி. குளத்தங்கரை இலுப்பை இந்தப் பங்குனியிலும் பூத்துக் கொட்டியது. அடிமரத்தை அளக்கிற கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க நீங்க இல்லாததால் உங்க தம்பியை இழுத்துப் போனேன். "மரத்துக்கு இன்னா ரவிக்கை தைக்கப் போறியா?" என்றார். ஆனாலும் பிடித்தார். போன தடவை போட்ட முடிச்சைத் தாண்டி இரண்டு விரல் பெருத்திருக்கு. உடும்பு ரைஸ்மில் பின்பக்கக் கால்வாய்க்குக் குடிபோயிடுச்சு. குளியலறைத் தேரை சோப்பு டப்பாவுக்குப் பின்னாலதான் இருக்கு. வெளியே விட்டா மறுநாள் காலையில் திரும்பவும் அங்கேயே உட்கார்ந்துகினு என்னைப் பார்க்குது.

எல்லாம் நோட்டில் இருக்கு அண்ணி. நாள், இடம், கண்டது, யார் கண்டது. நீங்க போட்டுக் கொடுத்த அதே நாலு கட்டம். அந்த நோட்டில் ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அந்த ஆடி வெள்ளி நினைவிருக்கா? இலுப்பைக்குப் பின்னால், வரப்போரம், இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு இடுப்பு உயரம் எழும்பி நின்றது. நீங்க தையல்காரரிடம் கொடுக்க எடுத்துவந்த பட்டு ரவிக்கைத் துணியைப் பையிலிருந்து உருவினீங்க. தண்ணியே படாத கோடித் துணி. அதைப் பாம்புகள் மேல் வீசினீங்க. பாம்பு பிணையும்போது மேலே துணி போட்டு எடுத்துப் பூஜையில் வைத்தால் வீட்டில் பிள்ளை தவழும்னு பெரியவங்க சொன்னது. உங்க பொண்ணு கல்பனாவுக்கு அப்போதான் கல்யாணம் ஆகியிருந்தது.

"சாரை ஆம்பள, நாகம் பொம்பள. எழுதிக்கோ" என்றீங்க.

"நாகம் எங்க அண்ணி? படமே எடுக்கலியே."

"புருஷன் பக்கத்துல இருக்கும்போது எந்தப் பொம்பள படமெடுப்பா? பேசாம எழுதுடி."

நான் சிரிச்சுகினே எழுதினேன். கண்ணால் காணாத நாகத்தை நம்ம நோட்டில் எழுதியது அந்த ஒரு தடவைதான்.

இந்த ஆனியில் அதே வரப்பில் திரும்பப் பார்த்தேன். இந்தத் தடவை துணியும் வீசவில்லை, பேசவும் இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். இரண்டும் ஒரே நிறம், ஒரே பருமன். இரண்டுக்கும் உதட்டோரம் அதே கறுப்புக் கோடுகள். கொஞ்சவே இல்லை அண்ணி. ஒன்று இன்னொன்றின் தலையைத் தரையில் அழுத்தப் பார்த்தது. அது விடுபட்டு இதை அழுத்தியது. கடைசியில் தோற்றது வாய்க்காலுக்குள் ஓடியே போச்சு. ஜெயித்தது துரத்திக்கொண்டு போனது. ரைஸ்மில்லுக்குப் பாம்பு பிடிக்க வந்தவரிடம் செல்போனில் எடுத்ததைக் காட்டினேன். "ரெண்டும் ஆம்பள சாரைம்மா. பொட்டைக்காகச் சண்டை போடுது. நாகத்துக்கும் சாரைக்கும் சம்பந்தமே கிடையாது" என்றார். நான் பார்த்ததும் அவர் சொன்னதும் பொருந்தியது.

எனக்குள்ளேயே வைத்திருப்பேன். உங்களைத் தலைகுனிய வைக்க எனக்கென்ன ஆசை? ஆனால் போன வாரம் கல்பனா வந்தாள். பிள்ளைக்காக வேலூர் ஆஸ்பத்திரியில் ஊசி, மாத்திரை, ஸ்கேன் என்று ஓய்ந்துபோயிருக்கிறாள். அடுத்த முறைக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்காங்க.

"நான் போகல அத்தை. எனக்கு பேஜாராயிடுச்சு. அம்மா வெச்ச துணி உங்க பூஜை ரூம்லதானே இருக்கு? அதக் கொடுங்க. நாப்பத்தெட்டு நாள் விளக்கேத்துறேன். அது போதும்."

அண்ணி, நீங்களா இருந்தா என்ன செய்திருப்பீங்க? துணியைக் கையில் கொடுத்து வாயை மூடிக்கொண்டால் அவள் அன்று சந்தோஷமாகப் போயிருப்பாள். குறித்த நாளும் போயிருக்கும். நானும் விளக்கேற்றுகிறவள்தான். ஒரு வெள்ளி தவறாமல் நாகாத்தம்மனுக்கு மஞ்சள் போடுகிறேன். ஆனால் அந்த அம்மன் எப்படிப் படைத்தாளோ அப்படிச் சொல்லாமல் அவள் பெயரில் வேறு கதை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நோட்டை எடுத்து வந்து உங்க வரியைக் காட்டினேன். வீடியோவையும் காட்டினேன். அவள் இரண்டாம் தடவை போட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு ஆம்பளைங்க சண்டைக்கு நடுவுல எங்கம்மா ரவிக்கைத் துணியப் போட்டாங்களா?" என்றாள்.

"ஆமாம்மா. பட்டு."

சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. என் மடியில் படுத்து வெகுநேரம் அழுதாள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "இத ஏன் அத்தை இப்போ சொன்னீங்க?" என்று கேட்டாள். கோபமா, வருத்தமா, எனக்குப் புரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

வாசல்வரை போனவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "தனியா பஸ்ல போய் அங்க உக்காந்திருக்கறதுதான் என்னால முடியல" என்றாள். ஐந்து வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லையாம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது. நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. தவளைக்கும் ஓணானுக்கும் கட்டம் போட்டவள், பிள்ளை முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கேன்.

உங்க வரியை நான் அடிக்கவில்லை அண்ணி. அதற்குக் கீழே, "இரண்டும் ஆண் சாரை. சண்டை. கண்டது வசந்தா" என்று எழுதியிருக்கேன். திட்டணும்னா கனவில் வந்து திட்டுங்க, வாங்கிக்கறேன்.

வரும் புதன்கிழமை முதல் பஸ்ஸில் கல்பனாவும் நானும் வேலூர் போகிறோம். அதற்கடுத்த தடவையும், அதற்கும் அடுத்த தடவையும் அவள் பக்கத்து சீட்டில் நான் இருப்பேன். டாக்டர் நல்லது சொன்னாலும் இல்லையென்று சொன்னாலும், பூசி மெழுகாமல் உங்களிடம் வந்து சொல்வேன்.

உங்க தம்பி பொண்டாட்டி,
கல்பனாவின் அத்தை,
வசந்தா
ஆரணி