உலைத் திரையில் ஒரு மீன்

மணவாள நகரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே யாரோ சால்டரிங் வைத்து ஈயம் உருக்கினார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் இப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் வருகிறாய்.

கும்மிடிப்பூண்டியில் அந்தச் சின்னக் கம்பெனியில் இரும்பு உருக்கும் உலைக்கு நாம் இருவரும் சால்டரிங் புகைக்குள் உட்கார்ந்து கன்ட்ரோல் பெட்டி செய்துகொண்டிருந்தோம். அதன் திரையில் வரும் ஒவ்வொரு வாசகத்துக்கும் எத்தனை எழுத்து என்று நான் விரல்விட்டு எண்ணி, சி நிரலில் எழுதிவைப்பேன். உலைக்காரர்கள் வாசகத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், நான் எண்ணை மாற்ற மறந்துகொண்டே இருந்தேன். அதுவரை நடந்த இரண்டு சோதனையிலும் வாசகத்தின் வால் அறுந்துபோனது. அடுத்த தடவையும் இப்படியானால் ஆர்டரும் இல்லை, உங்களுக்கு வேலையும் இல்லை என்றார் முதலாளி.

"இன்னாத்துக்குடி இப்படி எண்ணிக்கினு கீற?" என்றாய். "கொட்டேஷன் மார்க்குக்குள்ள இருக்கிற வாசகத்த கம்பைலர் பாத்துக்கினுதானே கீது? சைஸ்ஆஃப் போடு. கம்பைல் ஆவும்போதே நீளத்தை அதுவே போட்டுக்கும். மெஷினும் ஓடும்போது எண்ண வாணாம்."

எல்லா வாசகத்தையும் ஒரே மேக்ரோவுக்குள், அதாவது எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே சூத்திரத்துக்குள், கொண்டுவந்தாய். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தோம், அழகாக வந்தது.

மூன்றாவது சோதனைக்கு உலைப் பக்கம் போய்ப் பெட்டியை மாட்டினோம். வாசகம் முழுசாக வந்தது. அதன் கடைசியில் ஒரு குட்டி மீன்! அடுத்த வாசகத்திலும் மீன். பழவேற்காட்டுக்காரி நீ, பொழுது போகாமல் திரைச் சிப்பில் நாமே எழுத்து வரைந்துகொள்ள விட்டிருக்கும் பூஜ்ஜியமாவது இடத்தில் ஒரு மீனை வரைந்துவைத்திருந்தாய். பூஜ்ஜியம் வந்தால் திரை அந்த மீனைக் காட்டும். சி மொழி ஒவ்வொரு வாசகத்தின் முடிவிலும் ஒரு பூஜ்ஜியத்தை வைக்கும். சைஸ்ஆஃப் அதையும் சேர்த்தே எண்ணும். ஒன்றைக் கழிக்க இரண்டு பேருமே மறந்திருந்தோம். கம்ப்யூட்டரில் அந்தப் பூஜ்ஜியம் கண்ணுக்குத் தெரியவில்லை, இந்தத் திரையிலோ உன் மீனாக வந்து நின்றது.

எனக்கு முதலாளி சொன்னதுதான் ஞாபகம் வந்தது. நீயோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"இன்னாம்மா, உலைக்குள்ள மீன் உட்டுக்கீறீங்க?" என்று முறைத்த உலை ஃபோர்மேன், உன்னைப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கழிக்கணும் சார். டீ குடிச்சிட்டு வாங்க" என்றாய்.

மேக்ரோவில் ஒன்றைக் கழித்தாய். அத்தனை மீனும் ஒரே நேரத்தில் காணாமல் போயின. சோதனைத் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த ஃபோர்மேன் தயங்கினார். 

"ரெடின்னு வருதே, அதுல மட்டும் மீன் இருக்கட்டும்மா. தூரத்திலேர்ந்தே பசங்களுக்குத் தெரியும்."

அன்றைக்கு ரயிலில் நீ இறங்கும் பொன்னேரி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம். வேலை நிலைத்தது என்பதுகூட எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இப்போதும் நான் நிரல் எழுதுகிறேன், இப்போதும் தப்பு விடுகிறேன். தப்பு கண்ணில் பட்டதும் முதலில் உன் சிரிப்புதான் காதில் கேட்கிறது. பயம் அதற்குப் பிறகுதான் வருகிறது. பல நாள் வருவதே இல்லை.