டாக்டரின் விரலைப் பிடித்துக்கொண்ட அப்பா

அம்பாசமுத்திரம்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கோமதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம், அந்தப் பனி ஊரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் உங்கப்பா பாதியில் பிடுங்கித் தன் வீரக்கதையாக மாற்றிவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ நச்சரித்தபடி மருத்துவ இன்சூரன்சுக்கு ஏஜெண்ட் பிச்சைக்கண்ணுவை வரச்சொன்னோம். உங்கப்பாவுக்கும் உனக்கும் வம்சமாக வந்திருக்கிற தசை வியாதியை, அதுதான் மடக்கின கை சட்டென்று விரியாமல் இறுகிக்கொள்ளுமே, அதைச் சொன்னேன். அவரோ, "அதெல்லாம் எழுதுனா கம்பெனிக்காரன் ஓடிருவாம்லா, மூச்சு விடாதிய. அண்ணாச்சியப் பாத்தா பயில்வான் மாதிரில்லா இருக்காவ" என்றார். பயில்வான் என்றதும் உங்கப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எனக்கு மனசு ஒப்பவில்லை, இருந்தாலும் வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்சநேரம் அசைந்துகொண்டே இருந்தால் இறுக்கம் விட்டுவிடும் என்று உனக்கே தெரியும். அதனால் கம்பெனி டாக்டர் உடம்பைச் சோதிக்க வருகிற அன்று காலையிலிருந்தே உங்கப்பா வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார், துவைத்த சேலைகளைப் பிழிந்தார், காய்ந்த சேலைகளையும் பிழிந்தார். டாக்டரின் கார் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ள, இவர் அலுத்துப்போய் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டார். அந்நேரம் பார்த்து டாக்டர் அபிஷா வந்தாள், உன் வயசுதான் இருக்கும். தன் இரண்டு விரலை நீட்டி நன்றாக அமுக்கச் சொன்னாள். பயில்வான் விடுவாரா? அமுக்கிவிட்டார். விடுங்க சார் என்றாள். "விட்டுட்டேம்மா" என்கிறார், கை விட்டால்தானே! பிச்சைக்கண்ணு ஓடிவந்து, "அண்ணாச்சிக்கு டாக்டர்மார்னா ஒரு தனிப்பாசம்" என்று சமாளித்தார். அந்தப் பிள்ளையின் விரல் சிவந்ததைப் பார்த்து நான் உள்ளதை உடைத்துச் சொல்லிவிட்டேன்.

விரல் விடுபட்டதும் கோபிப்பாள் என்று பார்த்தால், "புத்தகத்துல மட்டுந்தான் படிச்சிருக்கேன், இன்னொரு தடவை பிடிங்க சார்" என்று இந்தமுறை பேனாவைக் கொடுத்தாள். அப்புறம்தான் முகம் மாறிச் சொன்னாள், இதை மறைத்துவிட்டு ஆபரேஷன் என்று போய்ப் படுத்தால், மயக்க மருந்தோடு சேர்த்துப் போடுகிற சில மருந்தில் உடம்பே இறுகி உயிருக்கு ஆபத்தாகிவிடுமாம். உடனே வம்சத்தில் யார் யாருக்கு இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

எல்லாவற்றையும் எழுதித்தான் அனுப்பினாள், கம்பெனி ஓடவில்லை. கட்டணம் கொஞ்சம் கூடுதல், இந்த வியாதிச் செலவுக்கு மட்டும் பணம் கிடைக்க மூன்று வருஷம் பொறுக்க வேண்டும். "ஏம்வே, அதுவரைக்கும் என் கை இறுகப்புடாதோ?" என்று பிச்சைக்கண்ணுவிடம் சண்டை. இத்தனை காலம் கல்யாண வீடுகளில் கையை வேட்டிக்குள் ஒளித்தவர், இப்போது சலூனில் உட்கார்ந்து, "லட்சத்துல ஒருத்தனுக்குத்தான்டே வரும்" என்று பெருமை பேசுகிறார்.

உனக்குப் பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரியில் இதை முதலில் சொல்லிவிடு. மாமியாருக்குத் தெரிந்தால் தெரியட்டும். உளுந்துமாவு அனுப்பியிருக்கிறேன், நல்லெண்ணெய் விட்டுக் களி கிண்டிச் சாப்பிடு. தாயும் பிள்ளையும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். பிள்ளைக்கும் இது வந்தால் வரட்டும், உன்னை வளர்த்தவளுக்கு அதை வளர்க்கவா தெரியாது?

இப்படிக்கு,
உன் அம்மா
இசக்கியம்மா நாறும்பூநாதன்