மூன்று புகார்கள்

12 ஆகஸ்ட், செவ்வாய்

கவிதாவின் வீடியோ சேனலை இன்று மூடிவிட்டார்கள். மூட வைத்தவன் நான்.

மார்டள்ளி என்ற கிராமத்துப் பெண். இங்கே நகரத்தில், ஹெப்பாளில் தொழிற்சாலை வேலை. நான் நேரலையில் கேம் ஆடி அசடு வழியும் இடங்களை வெட்டி, மேலே தன் கேலியைப் பேசிப் போடுவாள். நான் சுவரில் முட்டிக்கொண்டு நின்றதை என் நேரலையைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். பொறுக்கவில்லை. காப்புரிமைப் புகார் கொடுத்தேன். மூன்று புகார் சேர்ந்தால் சேனல் போய்விடும் என்று தெரிந்தே மூன்று கொடுத்தேன்.

மாலையில் போன் செய்தாள்.

"அண்ணா, கோபமுங்களா? உங்களைப் பார்த்துத்தானுங்க செஞ்சேன்."

"என்னைப் பார்த்தா?"

"உங்க வீடியோவுக்குக் கீழ போட்டிருக்கீங்களே, காட்சி கேம் கம்பெனியோடது, நம்ம விமர்சனம் சேர்ந்தா நியாயமான பயன்பாடு, காப்புரிமை மீறல் இல்லைன்னு. அதையே நானும் போட்டனுங்க. அது கேமுக்கு மட்டுந்தானுங்களா?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்டாள். "பார்க்கிறேன்மா" என்றேன், நீதிபதி மாதிரி. அந்த வாசகமே நான் இன்னொரு சேனலிலிருந்து எடுத்ததுதான்.

புகார்களைத் திரும்பப் பெறுவதாக வீடியோ தளத்துக்கு எழுத உட்கார்ந்தேன். அவசரத்தில் கொடுத்துவிட்டேன் என்று காரணம் போட்டேன். மூன்றையும் காப்பி குடித்துக்கொண்டே நிதானமாக எழுதியது ஞாபகம் வந்தது. அழித்தேன். அவள் வீடியோ என்னுடையதைவிட நன்றாக இருந்தது என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

போனில் அவளிடமே சொல்லியிருக்கலாம். முகம் தெரியாத அலுவலகத்திடம்தான் சொல்ல முடிந்தது.