ஸஹருக்குக் கொடுத்த குளிசை

கொழும்பு
20.09.1979

அன்பு மச்சான் மக்கீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மருதானையில் அறை கிடைத்துவிட்டது. எனக்கு முன்னமே மூட்டைப்பூச்சிகள் குடும்பத்தோடு குடியேறியிருக்கின்றன.

பாமசியில் நின்று மருந்து கொடுப்பவர்களுக்கான பயிற்சி திங்கட்கிழமை தொடங்கியது. ஆறு வாரம். முப்பது பேர், கிழக்கிலிருந்து நான் ஒருவன்தான். டொக்டர் மருந்தெழுதிய துண்டை வாசிப்பது, குளிசை எண்ணுவது எல்லாம் நாம் செய்கிற வேலைதான். ஆனால் கொடுத்த பிறகு, அதை எப்படிக் குடிப்பது என்று வாங்குகிறவரையே திருப்பிச் சொல்ல வைக்க வேண்டுமாம். நம் ஊரில் கேட்டால், "என்ன, பரீட்சை எடுக்கிறியா?" என்று அடிக்க வருவார்கள்.

நம் முதலாளி கபூர் ஹாஜியார், கடையிலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவேன் என்றபோது நீ எனக்கு விட்டுக்கொடுத்தாய். என்னை விட ஏழு வருடம் கூட நின்றவன் நீ. மறக்க மாட்டேன். உன் தங்கை ஸகியாவுக்கு இது மூன்றாம் மாதம், கவனமாகப் பார்த்துக்கொள்.

உன் மச்சான்
றஸாக்

கல்முனை
26.09.1979

அன்புள்ள மச்சான் றஸாக்,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீ போனதிலிருந்து எனக்கு இரண்டு கை போதவில்லை. ஸகியா மாங்காய் கேட்டு உம்மாவைப் படாத பாடு படுத்துகிறாள். வேறு குறையில்லை.

நீ எழுதியதைச் செய்து பார்த்தேன். மருந்து வாங்க வந்த ஆமினா உம்மாவிடம் திருப்பிச் சொல்லச் சொன்னேன். "போடா, எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு காதுக்கு விடும் மருந்தைக் கண்ணுக்கு என்றார்! நல்ல பழக்கம்தான் மச்சான்.

நோன்பு மாதத்தில் நாம் இப்படிக் கேட்டிருந்தால் நானும் கேட்டுத் தடுத்திருப்பேன், மீராமுகைதீன் காக்கா வயலில் மயங்கி விழுந்திருக்க மாட்டார். மனிதருக்கு நோன்பு முறியக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், சீனி வருத்தக் குளிசை இரண்டு வேளையையும் விடியுமுன் சாப்பிடும் ஸஹரிலேயே குடிக்கச் சொல்லிவிட்டாய். பகலெல்லாம் வெறும் வயிறு. தாங்குமா? குத்திக்காட்டவில்லை, நினைவு வந்தது. அவர் மகள் சல்மா உம்மா கடைக்கு வந்து கத்தியபோது, "நான்தான் குடுத்தன்" என்று சொன்னதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. கல்யாணமாகி இரண்டே மாதம். உன் பெயர் கெட்டால் தலை குனிவது ஸகியாதானே. ஹாஜியார் அன்று ஊரில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. நன்றாகப் படி. வந்து எனக்கும் சொல்லித் தா.

மக்கீன்

கொழும்பு
10.10.1979

அன்பு மச்சான்,

ஸலாம். உடனே எழுத முடியவில்லை. ஒவ்வொருவரும் தம் கடையில் நடந்த ஒரு தவறை எழுதச் சொன்னார்கள். நான் நாலு பக்கம் எழுதினேன். மச்சான், என்னுடையதுதான் முதலாவது! ஆசிரியர் வகுப்பில் எழுந்து நின்று வாசித்தார். சிபாரிசுக் கடிதத்தோடு அதையும் ஹாஜியாருக்கு அனுப்புகிறார்களாம்.

என்ன எழுதினேன் என்பதை நேரில் சொல்கிறேன். எதுவும் காதில் விழுந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

றஸாக்

கல்முனை
19.10.1979

றஸாக்,

காதில் விழவில்லை. கண்ணாலேயே பார்த்தேன். ஹாஜியார் கூப்பிட்டு உன் நாலு பக்கத்தையும் முன்னால் வைத்தார். "எங்கள் கடையில் மக்கீன் என்பவர் ஒரு நோன்பாளிக்குப் பிழையாக மருந்து கொடுத்தார். நான் கண்டுபிடித்து அவரைத் திருத்தினேன்." உன் கையெழுத்தை எனக்குத் தெரியாதா?

"ஓமா, இல்லையா?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. சல்மா உம்மாவுக்கு ஆள் அனுப்பினார். "ஓம் ஹாஜியார், அவரே ஒத்துக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பாவம், அவர் என்ன செய்வார்.

பதினொரு வருடம் மருந்து கொடுத்தவன் இப்போது பின்னறையில் பெட்டி உடைக்கிறேன். வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் உண்மையைச் சொன்னால், தப்புவதற்காகத் தங்கை புருசனைக் காட்டிக்கொடுக்கிறான் என்பார்கள். நீ சொன்னால்தான் எடுபடும். ஹாஜியாருக்கு ஒரே ஒரு வரி எழுது.

மக்கீன்

கொழும்பு
24.10.1979

அன்பு மச்சான்,

கோபப்படாதே. உன் வாயால் நீயே ஒப்புக்கொண்டதைத்தானே எழுதினேன்? பெயர் போடாமல் எழுதக் கூடாது என்றார்கள். என் பெயரைப் போட்டிருந்தால் சான்றிதழ் கிடைக்குமா? எங்களுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, யோசித்துப் பார். இனிக் கடையின் முன்பக்கம் முழுவதும் என் பொறுப்பு என்று ஹாஜியார் எழுதியிருக்கிறார். கொஞ்ச நாள் போகட்டும், உன்னை மெல்ல மெல்ல முன்னுக்குக் கொண்டு வருகிறேன். இப்போது அவரைக் குழப்ப வேண்டாம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறேன். உனக்கு உடுக்க ஒரு நல்ல சாரன் வாங்கியிருக்கிறேன்.

றஸாக்

கல்முனை
28.10.1979

ஜனாப் றஸாக் அவர்களுக்கு,

ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. நேற்று நிந்தவூருக்குப் போய் மீராமுகைதீன் காக்காவைக் கண்டேன். என் வேலைக்கு நடந்ததைச் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

"நீ தரல்ல எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் மகன்," என்றார். "தந்தவண்ட முகம் எனக்கு மறக்குமா? நீ பொறுப்பெடுத்த, நானும் பொறுத்துக்கிட்டன். வா, இப்பவே ஹாஜியாரிட்டப் போவம்." சால்வையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டார். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு வந்தேன். ஸகியாவுக்காக. உங்களுக்காக அல்ல.

கடையிலிருந்து நின்றுவிட்டேன். சாகாமத்தில் விதைப்புக்கு ஆள் தேடுகிறார்கள், இன்றைக்கே போகிறேன். இந்த வீடு ஸகியாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. நீங்கள் இருக்க வேண்டிய இடம். நீங்கள் இருக்கும்வரை நான் வர மாட்டேன். சாரனை வேறு யாருக்காவது கொடுங்கள்.

பெருநாளன்று தன் கூடப்பிறந்த காக்கா ஏன் வரவில்லை என்று ஸகியா கேட்பாள். உங்களுக்காக ஒரு பொய் நான் சொல்லிவிட்டேன். இந்தப் பொய்யை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

எம். மக்கீன்